பெயர் தங்கும், கதை தங்காது

2021ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் ‘ஸ்டார் ட்ரெக்: கோடா’ என்ற தலைப்பில் மூன்று நாவல்கள் அடுத்தடுத்து வந்தன. டேட்டன் வார்ட், ஜேம்ஸ் ஸ்வாலோ, டேவிட் மேக் ஆகியோர் ஆளுக்கொன்று எழுதினார்கள். அவர்களும் சக எழுத்தாளர்களும் இருபது ஆண்டுகளாகக் கட்டி எழுப்பிய ஓர் உலகத்தை அவர்களே இடித்து முடிப்பதுதான் அந்த மூன்று நாவல்களின் வேலை.

தொடர்களும் படங்களும் விட்ட இடத்திலிருந்து அந்த உலகம் தொடங்கியது. 2001இல் ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடரின் கதையை நாவல்கள் தொடர்ந்தன. 2002இல் ‘நெமிசிஸ்’ படத்துக்குப் பிறகு அந்தக் காலகட்டத்தைத் திரை நெடுநாள் தொடவே இல்லை. காலியாகக் கிடந்த இடத்தில் நாவலாசிரியர்கள் துணிந்து விளையாடினார்கள். 2008இல் வந்த ‘டெஸ்டினி’ முத்தொகுதியில் டேவிட் மேக், ஸ்டார் ட்ரெக்கின் கொடிய எதிரிகளான போர்க் இனத்தின் கதையையே முடித்துவைத்தார். கேப்டன் பிக்கார்ட், டாக்டர் பெவர்லி க்ரஷரை மணந்தார். ரெனே என்று ஒரு மகனும் பிறந்தான். 2020 ஜனவரியில் ‘பிக்கார்ட்’ தொடர் வந்தபோது போர்க் கலம் அப்படியே இருந்தது, கல்யாணம் மட்டும் இல்லை. 2023இல் அதே தொடரின் மூன்றாம் பருவத்தில் இருவருக்கும் ஒரு மகன் இருப்பது தெரிந்தது. அவன் பெயர் ஜாக். வேறு பிள்ளை, வேறு கதை.

இதில் ஏமாற்றப்பட்டோம் என்று யாரும் சொல்ல முடியாது. திரையில் வந்தது மட்டுமே கணக்கு என்பதுதான் ஸ்டார் ட்ரெக்கின் பழைய விதி. ஸ்டார் வார்ஸின் நிலை வேறு. அங்கே நாவலுக்கும் ஓர் அந்தஸ்து இருந்தது. ஸ்டார் வார்ஸ் நிறுவனமான லூகாஸ்ஃபிலிமில் லேலண்ட் சீ 2000ஆம் ஆண்டு முதல் ஒரு தகவல் தளத்தைப் பராமரித்தார். படங்கள் மேல் படியில், நாவல்கள் அதற்குக் கீழே எனப் படிநிலை வகுக்கப்பட்டது. 1999இல் ‘வெக்டர் பிரைம்’ நாவலில் ஆர்.ஏ. சால்வடோர், ஹான் சோலோவின் தோழன் சூபாக்காவைக் கொன்றபோது, வாசகர்கள் அதை உண்மையான சாவாகவே எடுத்துக்கொண்டு கொதித்தார்கள். டிஸ்னி, லூகாஸ்ஃபிலிமை வாங்கிய பிறகு, 2014 ஏப்ரலில் அந்த நாவல்கள் அனைத்தும் ‘லெஜண்ட்ஸ்’ என்ற தனிப் பட்டியலுக்குத் தள்ளப்பட்டன. மறு ஆண்டு ‘தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்’ படத்தில் சூபாக்கா ஹான் சோலோவோடு கலம் ஓட்டிக்கொண்டிருந்தார்.

2014இல் ஒரு வாக்குறுதியும் தரப்பட்டது: இனிப் படம், தொடர், நாவல், காமிக்ஸ் எல்லாம் ஒரே கதை. அது எவ்வளவு தூரம் நிலைத்தது என்பதற்கு ஸ்டார் வார்ஸ் பாத்திரமான அசோகா டானோ ஒரு சான்று. இ.கே. ஜான்ஸ்டன் 2016இல் எழுதிய ‘அசோகா’ நாவலில், ஒரு விவசாயத் துணைக்கோளில் மறைந்து வாழும் அவள் ‘ஆறாம் சகோதரன்’ என்ற வேட்டையனைத் தோற்கடிக்கிறாள். 2022இல் வந்த ‘டேல்ஸ் ஆஃப் தி ஜெடாய்’ அனிமேஷனிலும் விவசாயக் கிராமம் உண்டு, வேட்டையன் உண்டு, தோல்வியும் உண்டு. ஆனால் ஊர் வேறு, எதிரி வேறு, சண்டை நடக்கும் விதமும் வேறு. இரண்டும் ஒரே பெண்ணின் வாழ்வில் நடந்திருக்க வேண்டுமானால் வாசகர்தான் முட்டுக்கொடுக்க வேண்டும்.

ஆனால் நாவலிலிருந்து திரைக்குப் போய் நிலைத்தவையும் உண்டு. ஸ்டார் ட்ரெக்கில் சூலுவின் முதற்பெயர் ஹிகாரு, வாண்டா மக்கின்டயரின் 1981 நாவலில் பிறந்து 1991 படத்தில் ஒலித்தது. ‘நம்பர் ஒன்’ என்றே அழைக்கப்பட்ட அதிகாரிக்கு 2016 நாவல்கள் வைத்த ‘உனா’ என்ற பெயர் பின்னர் தொடர்களில் நிலைத்தது. ஸ்டார் வார்ஸின் தலைநகரக் கோளுக்குக் கோரசான்ட் என்று பெயரிட்டது டிமதி ஸான் 1991இல் எழுதிய ‘ஏர் டு தி எம்பயர்’. அதே நாவலில் அறிமுகமான த்ரான், 2016இல் ‘ரெபல்ஸ்’ அனிமேஷனிலும் 2023இல் ‘அசோகா’ தொடரிலும் வில்லனாக வந்தார். ஆனால் 1993 நாவலில் த்ரானைக் குத்திக் கொல்லும் மெய்க்காவலன் ருக், ‘ரெபல்ஸ்’ முடியும்போதே செத்துப்போகிறான். ஆள் திரைக்கு வந்தார். அவருடைய முடிவு நாவலிலேயே நின்றுவிட்டது.

காரணம் எளிது. திரை ரசிகர்களில் சிறு பகுதியினரே நாவல் வாங்குகிறார்கள்; அதைப் படித்தால்தான் புரியும் என்று எந்தத் தொடரும் எடுக்க முடியாது. பெயரை எடுத்துக்கொள்வதால் திரைக்கதையாசிரியரின் கை கட்டப்படாது, சம்பவத்தை எடுத்தால் கட்டப்பட்டுவிடும்.

எழுதுபவர் கதை தீர்மானிக்கப்படும் அறைக்கு எவ்வளவு அருகில் இருக்கிறாரோ, நாவல் அவ்வளவு பொருந்துகிறது. ‘பாபிலோன் 5’ தொடரில் தளபதி சின்க்ளேருக்கு என்ன ஆனது என்ற இடைவெளியை 1997இல் கேத்ரின் டிரென்னனின் நாவல் நிரப்பியது. தொடரை உருவாக்கிய ஸ்ட்ராசின்ஸ்கி அதைக் கதையின் பகுதியாகவே ஏற்றார். ‘வாயேஜர்’ நாவல்கள் எழுதிய கிர்ஸ்டன் பேயர், ‘பிக்கார்ட்’ தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரானார்.

டாக்டர் ஹூவுக்கு இந்தத் தலைவலியே இல்லை. எது அதிகாரபூர்வம் என்று பிபிசி வரையறுத்ததில்லை. பால் கார்னெல் 1995இல் ஏழாவது டாக்டரை வைத்து எழுதிய ‘ஹ்யூமன் நேச்சர்’ நாவலை, 2007இல் அவரே பத்தாவது டாக்டருக்காகத் தொலைக்காட்சிக்கு மாற்றி எழுதினார். ஒரே கதை இரண்டு டாக்டர்களுக்கு நடந்திருக்கிறது. யாரும் விளக்கம் கேட்கவில்லை.

ஸ்டார் வார்ஸ் பதிப்பாளரும் நடைமுறையில் அதே வழிக்கு வந்துவிட்டார். 2021 முதல் லெஜண்ட்ஸ் நாவல்கள் புதிய அட்டையோடு மறுபதிப்பாகின்றன. ஸானின் பழைய த்ரானும், அவரே 2017 முதல் எழுதிய புதிய த்ரானும் இன்று ஒரே அலமாரியில் விற்பனைக்கு நிற்கிறார்கள்.