நிபந்தனை வாக்கியமும் சமூக உறவும்: திருகோணமலைத் துறைமுகத்தை முன்வைத்து ஒரு குறிப்பு

தொல்காப்பியமும் நன்னூலும் 'செயின்' என்னும் வாய்பாட்டை வினையெச்சங்களுள் வைத்தெண்ணுகின்றன. நன்னூலார் அதனை எதிர்காலத்துக்கு உரியதாக்கினார். பிற்காலத்தில் அதனிடத்தைச் 'செய்தால்' பெற்றது. இறந்தகால அடியிற் பிறந்த வடிவம் இனி நிகழக்கூடியதைச் சுட்டுதல் நோக்கற்பாலது. சுவீடிய மொழியிலும் நிகழாததொன்றைக் கருதிக் கூறுமிடத்து இறந்தகால வினையே ஆளப்படுகின்றது. ஆயினும், வடிவ ஒப்புமையோடு ஆய்வு நின்றுவிடலாகாது. வாக்கியம் எவர் வாயிற் பிறக்கின்றது என்பதையும் நாம் வினவவேண்டும்.

திருகோணமலைத் துறைமுகத்துக் கூலித் தொழிலாளி ஒருவர், "கப்பல் வந்தால் வேலை கிடைக்கும்" என்று கூறுவதாகக் கொள்வோம். இலக்கணப்படி முன்னது நிபந்தனை, பின்னது விளைவு. ஆனால் அந்நிபந்தனையை நிறைவேற்றும் ஆற்றல் அவரிடம் இல்லை. 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியர் கைப்பற்றிய இத்துறைமுகத்தின் கடற்படைத் தளம் 1957இலேயே இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. அதுவரை அத்தளத்தின் ஏற்றமும் இறக்கமும் இலண்டனிலே தீர்மானிக்கப்பட்டன. "கப்பல் வந்திருந்தால் வேலை கிடைத்திருக்கும்" என்னும்போது அதே நிபந்தனை இழப்பாகின்றது.

'வந்தால்' நிபந்தனை, 'வந்ததால்' காரணம். பின்னதில் 'வந்தது' என்னும் நிகழ்ந்த செயல் பெயராகி உருபேற்கின்றது. இவ்வேறுபாடு இலக்கியத்துக்கும் பொருந்தும். உழைப்போரை 'வந்தால்' என்று காத்திருப்போராக மட்டும் காட்டும் படைப்பு, சமூக நியதியை விதியாக மாற்றிவிடுகின்றது. நிபந்தனையை விதித்தவர் எவர், எதனால் விதித்தார் என்று காட்டும் படைப்பே யதார்த்தவாதத்தை எய்துகின்றது. திறனாய்வின் பணியும் அதுவே.