ஆரணிப் பட்டும் தடை உத்தரவும்

ஆரணிக் கடைவீதியில் ஒரு பட்டு வியாபாரி தலைமுறையாகச் சம்பாதித்த பெயரை, நாலு கடை தள்ளி வந்த புதியவர் ஓர் எழுத்தை மாற்றித் தன் பலகையில் எழுதிக்கொண்டால் சட்டம் என்ன தரும்? 1999-ஆம் ஆண்டின் வணிகக் குறிச் சட்டம் தாராளமாகவே தருகிறது. தடை உத்தரவு உண்டு. நஷ்டஈடு அல்லது எதிராளி அடித்த லாபம், இரண்டில் ஒன்றைக் கேட்கலாம். போலி லேபிள்களை ஒப்படைக்கச் சொல்லலாம். இவை 135-ஆம் பிரிவு. 103, 104 பிரிவுகளில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும் இருக்கிறது.

இவற்றில் ஆரணிக்காரருக்கு உண்மையில் கைகொடுப்பது இடைக்காலத் தடை ஒன்றுதான். பட்டு விற்பது முகூர்த்த மாதங்களில். சீசன் முடிந்து சில ஆண்டுகள் கழித்து வரும் இறுதித் தீர்ப்பை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? அகமதாபாத்தின் ‘முக்தஜீவன்’ கலர் லேப் பெயர்த் தகராறில், கீழ் நீதிமன்றமும் குஜராத் உயர் நீதிமன்றமும் மறுத்த இடைக்காலத் தடையை 2002-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்தது. சிறு வியாபாரிகளுக்கு அது பெரிய துணை. பதிவு செய்த குறியென்றால் இன்னொரு வசதி: 134-ஆம் பிரிவின்படி, எதிராளி சூரத்தில் இருந்தாலும் தன் ஊர் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம்.

நஷ்டஈடு ஏட்டளவில்தான். பெயரைப் பார்த்து ஏமாந்து போன வாடிக்கையாளர் எத்தனை பேர் என்று எந்தப் பேரேட்டைக் காட்டி நிரூபிப்பது? தெரியாமல் செய்தேன், தெரிந்ததும் நிறுத்திவிட்டேன் என்று எதிராளி நிரூபித்தால் பெயரளவுத் தொகைதான். குற்ற நடவடிக்கையும் அப்படியே. சரக்கைக் கைப்பற்ற டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி வேண்டும். அவரும் முதலில் பதிவாளரின் கருத்தைப் பெற வேண்டும். அதற்குள் மூட்டை வேறு கிடங்குக்குப் போயிருக்கும். எதிராளியைச் சமரசத்துக்கு இழுக்கும் மிரட்டலாகத்தான் அந்தப் பிரிவுகள் பெரும்பாலும் பயன்படும் என்பது என் எண்ணம்.

கடைக்காரர்கள் தங்களுக்கே செய்துகொள்ளும் கெடுதலும் ஒன்று உண்டு. ஊர்ப் பெயர், சாமி பெயர், கடைசியில் ‘சில்க்ஸ்’ என்று வைத்துவிட்டு முழு உரிமை கேட்கிறார்கள். இடப்பெயரைத் தனியுடைமையாக்க 9-ஆம் பிரிவு தடையாக நிற்கிறது. ஊதுபத்திக்கு ‘ராமாயண்’ என்ற பெயரை ஒருவர் மட்டும் உரிமை கொண்டாட முடியாது என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முருகனும் லட்சுமியும் எல்லோருக்கும் பொது.

இதுவரை பேசியது பலகையைப் பற்றி. ஆரணியின் பெரிய இழப்பு சேலையில். காஞ்சிபுரம் பட்டு 2005-லும் ஆரணிப் பட்டு 2008-லும் புவிசார் குறியீடு பெற்றன. ஆனாலும் ஆரணித் தறியில் இறங்கிய சேலை காஞ்சிப் பெயரில் விலைபோவது வியாபாரத்தில் ஊரறிந்த சங்கதி. அது பொய்யான விவரம் என்றால் புவிசார் குறியீட்டுச் சட்டத்தின் கீழ் யார் வழக்குப் போடலாம்? காஞ்சிபுரம்தான். ஏனென்றால் திருடப்பட்டது காஞ்சியின் பெயர். ஆரணியின் பெயரை யாரும் எடுக்கவில்லை, அழித்தார்கள். பெயரை எடுப்பவனைத் தண்டிக்கும் இந்தச் சட்டங்கள், அழிப்பவன் விஷயத்தில் நெசவாளிக்குப் பெரிதாக எதுவும் தரவில்லை. இதுதான் இவற்றின் ஆகப்பெரிய ஓட்டை.

விசைத்தறிச் சேலைக்கு ‘ஆரணிப் பட்டு’ லேபிள் ஒட்டினால் மட்டும் ஆரணிக்கு நேரடிப் பரிகாரம் இருக்கிறது. ‘டார்ஜிலிங் லவுஞ்ச்’ என்ற ஓட்டல் கூடத்துக்கு எதிராகத் தேயிலை வாரியம் தொடுத்த வழக்கை 2019-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. குறியீடு காப்பது சரக்கை என்பது முக்கியக் காரணம். சேலை சரக்குதான், அந்தச் சிக்கல் இங்கே இல்லை. குறியீட்டைப் பயன்படுத்தப் பதிவு பெற்ற பயனரும் புவிசார் குறியீட்டுச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி தானே வழக்குப் போடலாம்.

ஆகவே என் தீர்ப்பு: கடைக்கு, குறியைப் பதிந்துகொண்டு முதல் வாரத்திலேயே தடை கேட்பது, மற்றவற்றுக்குச் செலவழிக்க வேண்டாம். ஊருக்கு, கூட்டுறவுச் சங்கத்து நெசவாளிகளைப் பயனர்களாகப் பதிவது. இதில் ஓர் எச்சரிக்கை: புவிசார் குறியீட்டுச் சட்டத்தின் ‘உற்பத்தியாளர்’ விளக்கத்தில், பொருளைச் செய்பவரோடு அதை விற்பவரும் சேர்த்தி. நெசவாளி முந்தாவிட்டால், பதிவேட்டில் முதலில் ஏறுவது வியாபாரியின் பெயராகத்தான் இருக்கும்.