ஆடுபுலியாட்டமும் கதைமாந்தர் ஆட்டமும்

ஆடுவோர் கதைமாந்தராக, ஒருவர் கதை நடத்தும் மேசையாட்டம், அமெரிக்காவில் கைகாக்சும் ஆர்னசனும் 1974-இல் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ வழிப் பரவியது. இடர் குறையின் இதன் சுவை குன்றும். மிகின் ஊக்கம் அழியும். எனவே, பகடை காட்டிய எண்ணை மறைவாகத் திருத்தி ஆடுவோரைக் காப்பாரும் உளர். இது பொருந்தாது என்பது நம் கருத்து.

ஆடுபுலியாட்டத்தை நோக்குக. புலி 3, ஆடு 15. புலி வெட்டும், ஆடு வெட்டாது. எனினும், ஆட்டிற்கு அப்பாலுள்ள இடம் வெறுமையாயிருந்தாலன்றிப் புலி தாவ இயலாது. இவ்வொரு விதியே எளியார்க்கு வெல்லும் வழியாயிற்று. ஆகவே, வலிமை ஒவ்வாமை குறையன்று. வழியின்மையே குறை என்க.

செண்பகனூர் மலைச்சரிவில் வழிதவறியோர் கதையை நடத்துவோர், மூடுபனியை விலக்க வேண்டா. அருவியோசையொன்று கேட்கச் செய்தல் அமையும். அதனைப் பற்றி வழிகாணுதல் ஆடுவோர் கடனாகும்.