நெடுநல்வாடையின் அரண்மனையும் கட்டப்படாத வரைபடங்களும்

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் பேசிய அன்பர் ஒருவர், நெடுநல்வாடையில் வரும் பாண்டியன் அரண்மனை நம் இடுக்கி மலையோரத்தில்தான் இருந்திருக்க வேண்டும் என்றார். பூஞ்சாறு அரச குடும்பம் மதுரைப் பாண்டியர் வழி என்று சொல்லப்படுவதையும், 1877இல் மூணாறு மலைநிலத்தை ஜான் டேனியல் மன்றோவுக்குக் குத்தகைக்குக் கொடுத்தது அந்தக் குடும்பம்தான் என்பதையும் ஆதாரமாகக் காட்டினார். அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன். மலைக்கு இந்தப் பக்கம் நமக்கென்று ஒரு அரண்மனை இருந்தது என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

ஆனால் பாலக்காட்டிலிருந்து சித்தூருக்குத் திரும்பும் பஸ்ஸில் மனம் ஒப்பவில்லை. நான் தமிழ்ப் பேராசிரியன் அல்லன். கட்டட பிளான் வரைகிற தொழிலில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவன். அந்தப் பழக்கத்தோடு பாட்டை மறுபடி எடுத்துப் படித்தேன். அன்பர் சொன்னதற்கு மறுப்பாக மட்டும் இக்கட்டுரையை எழுதவில்லை. அரண்மனை எங்கே இருந்தது என்று தேடுவதில், நக்கீரர் அதை எதற்காக வரைந்து காட்டினார் என்ற கேள்வியை விட்டுவிடுகிறோம் என்பது எனது தாழ்மையான கருத்து.

கட்டாமல் போனவை

எங்கள் தொழிலில் ஒரு விஷயம் எல்லாருக்கும் தெரியும். வரைந்த பிளான்கள் எல்லாம் கட்டடம் ஆவதில்லை. பணம் போதாது, பாகப்பிரிவினை வழக்கு வரும், பையன் வெளிநாடு போய்விடுவான். ராஜாக்களின் கதையும் இதுதான். பிரான்சு மன்னர் பதினான்காம் லூயி, 1665இல் இத்தாலியிலிருந்து பெர்னினியைப் பெரும் மரியாதையோடு வரவழைத்து, பாரிஸில் லூவர் அரண்மனைக்குப் புதிய வடிவம் கேட்டார். அடிக்கல்லும் நாட்டினார்கள். அன்றாட வசதிகளைக் கவனிக்காத வடிவம் என்று அமைச்சர் கொல்பேர் குறைபட்டார். பெர்னினி ஊர் திரும்பியதும் வேலையைக் கைவிட்டார்கள்.

இதைவிடப் பெரிய கதை கிரேக்க நாட்டினுடையது. புதிதாக விடுதலை பெற்ற அந்த நாட்டுக்கு பவேரியாவிலிருந்து ஓட்டோ என்ற இளவரசரை மன்னராகக் கொண்டுவந்தார்கள். அவருக்காக 1834இல் பெர்லின் கட்டடக் கலைஞர் ஷிங்கெல், ஏதென்ஸின் அக்ரோபொலிஸ் குன்றின் மேலேயே, பார்த்தினான் கோயிலுக்குப் பக்கத்தில், ஓர் அரண்மனை வரைந்தார். படங்களைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஆனால் ஷிங்கெல் கிரேக்க மண்ணை மிதித்ததே இல்லை. அந்தப் பிளான் கைவிடப்பட்டது. மன்னருக்குக் குன்றின் கீழே வேறொருவர் வடிவமைப்பில் அரண்மனை எழுந்தது. அது இன்று கிரேக்க நாடாளுமன்றமாக இருக்கிறது. ஷிங்கெலின் பிளான் கட்டப்பட்டிருந்தால் உலகம் ஓர் அழகான அரண்மனையைப் பெற்றிருக்கும், அக்ரோபொலிஸை இழந்திருக்கும்.

நம் நாட்டிலும் ஒன்று உண்டு. அது ராஜாவுக்கானது அல்ல. ஆனாலும் அரண்மனை என்றே பெயர். சண்டிகரில் லெ கொர்பூசியே வரைந்த ஆளுநர் மாளிகை. தலைமைச் செயலகம், உயர்நீதிமன்றம், சட்டமன்றம் எல்லாவற்றுக்கும் தலைமாட்டில் மகுடம் போல அதை வைத்திருந்தார். மற்ற மூன்றும் எழும்பின. இது எழும்பவில்லை. மக்களாட்சியில் சட்டமன்றத்துக்கும் மேலே ஆளுநரின் மாளிகை நிற்பது பொருந்தாது என்று நேரு கருதினார். 2016இல் அந்த வளாகம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபோதும் அந்த இடம் காலிதான்.

இவற்றிலிருந்து நான் கற்ற பாடம் ஒன்று. கட்டிய அரண்மனையிடம் ‘எவ்வளவு பெரியது?’ என்று கேட்கிறோம். கட்டாத அரண்மனையிடம் ‘யாருக்காக?’ என்று கேட்க வேண்டியிருக்கிறது. இந்தக் கேள்வியோடுதான் நெடுநல்வாடைக்குள் நுழைய வேண்டும்.

நக்கீரர் வரைந்த பிளான்

நெடுநல்வாடை 188 அடிகள் கொண்ட பாட்டு. அதில் சுமார் 40 அடிகள் அரண்மனைக்கு. உ.வே.சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்த பிறகுதான் இது அச்சில் நம் கைக்கு வந்தது.

பாட்டில் ஊரின் பெயர் இல்லை. மன்னன் பெயரும் இல்லை. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் என்று அறிவது பாட்டுக்கு வெளியே உள்ள குறிப்பால். பாட்டுக்குள் இருக்கும் ஒரே அடையாளம், வேலில் கட்டிய வேப்பந்தழை. வேம்பு பாண்டியன் பூ. இதை வைத்துக்கொண்டு மதுரை என்று சொல்வதே ஓர் ஊகம்; இடுக்கி என்று சொல்வது அதற்கும் மேல் ஓர் ஊகம். மதுரைக்குப் பக்கத்தில் கீழடியில் செங்கல் சுவர்களும் உறைகிணறுகளும் கிடைத்தன. அரண்மனை என்று சொல்லத்தக்கது கிடைக்கவில்லை. ஆகவே இந்த அரண்மனை நமக்கு வரைபடமாகவே நிற்கிறது. அதை வரைபடமாகவே படிப்போம்.

தொழில்காரன் கண்ணோடு பார்த்தால் முதல் வியப்பு, நக்கீரர் வேலையைத் தொடங்கும் இடம். சுவரில் தொடங்கவில்லை, நிழலில் தொடங்குகிறார். நண்பகலில் சூரியன் எந்தப் பக்கமும் சாயாத வேளையில் இரண்டு கோல் நட்டு நிழல் பார்க்கிறார்கள். நூல் கற்றவர்கள் கயிறு பிடித்து அளக்கிறார்கள். திசைகளையும் அவற்றுக்குரிய தெய்வங்களையும் மனத்தில் கொண்டு மனைகளைப் பிரிக்கிறார்கள். நச்சினார்க்கினியர் இது சித்திரை மாதத்தில் நடப்பது என்று உரை எழுதுகிறார். மதுரை அட்சரேகையில் நிழல் காலடியில் அடங்கும் நாள் இன்றும் ஏப்ரல் நடுவில்தான் வருகிறது. உரைகாரர் சும்மா எழுதவில்லை.

பிறகு வாசல். குன்றைக் குடைந்தது போன்ற உயரம். வெற்றிக் கொடி ஏந்திய யானை குனியாமல் நுழையலாம். இரட்டைக் கதவுக்கு இரும்புப் பூண், மேலே செவ்வரக்குப் பூச்சு. நிலைக்கு மேலே உள்ள மரத்துக்கு ஒரு நட்சத்திரத்தின் பெயர் என்று விடுகதை போடுகிறார். உத்தரம் என்று நாம் அவிழ்த்துக்கொள்ள வேண்டும். கைதேர்ந்த தச்சன் இறுக்கியதால் மூட்டுகளில் இடைவெளியே இல்லை என்று அவர் சொல்லும் இடத்தில் எனக்கு மெய்சிலிர்த்தது. இதைச் சொல்ல ஒரு கவிஞர் பட்டறையில் போய் நின்றிருக்க வேண்டும்.

அதற்குள்ளே மணல் பரப்பிய முற்றம். அன்னங்கள் திரிகின்றன. நிலாமுற்றத்து மழைநீர் மீன்வாய் போன்ற தூம்பு வழியாகக் கொட்டும் ஓசை. இன்னும் உள்ளே அரசன் தவிர வேறு ஆடவர் நுழையாத அந்தப்புரம். யவனர் செய்த பாவைகள் கையில் விளக்கு ஏந்தி நிற்கின்றன. செம்பால் செய்தது போன்ற சுவர், அதில் பூங்கொடி ஓவியம்.

இனி குறையையும் சொல்ல வேண்டும். விமரிசனம் என்றால் அதுவும்தானே. இந்த வரைபடத்தை வைத்து ஒரு மேஸ்திரி ஒரு சுவர்கூட எழுப்ப முடியாது. எத்தனை கோல் நீளம், எத்தனை அறை, அடுக்களை எங்கே, ஒன்றும் இல்லை. ‘நம் முன்னோர் அன்றே பிளான் போட்டார்கள், இதோ ஆதாரம்’ என்று மேடையில் சொல்பவர்களுக்குப் பாட்டு அந்த அளவுக்குக் கைகொடுக்காது. கயிறு பிடித்தார்கள் என்பதற்குத்தான் ஆதாரம்.

நிழலும் நூலும்

அந்தக் கயிறு வேலையைப் பற்றி எனக்குத் தெரிந்த ஆசாரி ஒருவரிடம் கேட்டேன். எங்கள் பக்கத்தில் வீடு தொடங்கும் சடங்கை மலையாளத்தில் குற்றியடி என்பார்கள். அவர் குடும்பம் பல தலைமுறையாக அதைச் செய்து வருகிறது. வீட்டில் தமிழ், வேலையில் மலையாளம். முளை அடித்து, சுற்றி வட்டம் போட்டு, நிழலின் நுனி காலையில் எங்கே வட்டத்தைத் தொடுகிறது, மாலையில் எங்கே தொடுகிறது என்று குறித்து இரண்டையும் சேர்த்தால் கிழக்கு மேற்குக் கோடு கிடைத்துவிடும் என்று தரையில் போட்டுக் காட்டினார்.

‘‘இப்பதான் காம்பஸ் இருக்கே, ஆசாரியாரே’’ என்றேன்.

‘‘இருக்கட்டும் சார். நிழலு பொய் சொல்லாது. நூலைத்தான் பாத்துக்கணும், ஈரம் பட்டா இழுத்துக்கும். மழையில நூல் பிடிச்சா வீடு கோணிடும்’’ என்றார்.

அவர் நெடுநல்வாடை படித்தவர் அல்லர். ஆனால் அந்தப் பாட்டு பிறந்தது வாடைக்காலத்து மழையில். ஊரெல்லாம் நனைந்து, தூறல் விடாமல் பெய்யும் கூதிர் இரவில், வெயில் உச்சியில் நின்ற ஒரு நாளை நினைவுபடுத்துகிறார் நக்கீரர். எல்லாம் நேராக அளக்கப்பட்ட நாள் அது. இப்போது பெய்வது எல்லாவற்றையும் கோணலாக்குகிற மழை. ஆசாரி சொன்ன பிறகுதான் எனக்கு இது உறைத்தது.

யாருக்காக?

இப்போது பழைய கேள்விக்கு வருவோம். இத்தனை செம்மையாக வரைந்த அரண்மனையின் நடுவே என்ன இருக்கிறது? நாற்பது வயது யானையின் தந்தத்தால் செய்த கட்டில். அதன் மேல் அரசி. நகை களைந்து, வண்ணம் தீட்டி முடிக்காத ஓவியம் போல இருக்கிறாள். மேற்கட்டியில் மேடம் முதலான ராசிகளோடு நிலாவும் அதைப் பிரியாத ரோகிணியும் எழுதியிருக்கிறது. அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறாள். அரசன் வீட்டில் இல்லை. அவன் பாசறையில், நள்ளிரவில், வாடைக்காற்றில் அசையும் விளக்கொளியில், புண்பட்ட வீரர்களைப் பார்த்துக்கொண்டு நடக்கிறான். பாட்டு அங்கேயே முடிந்துவிடுகிறது. அரண்மனைக்குத் திரும்புவதே இல்லை.

வாசலில் தொடங்கிப் படுக்கை வரை நம்மைக் கைபிடித்து அழைத்துப் போனது எதற்காக என்பது இப்போது விளங்குகிறது. ஒவ்வொரு கதவையும் திறந்து காட்டி, கடைசியில் அந்த வீட்டுக்காரன் இல்லை என்று காட்டத்தான். பெருமைக்காகப் பாடியது என்றால் கொலுமண்டபத்தைப் பாடியிருப்பார். நக்கீரர் அரண்மனையைப் புகழவில்லை; அதன் குறையை அளந்திருக்கிறார். ஷிங்கெலின் பிளானில் குறை மண்ணைக் காணாதது. சண்டிகர் பிளானில் குறை மக்களை மறந்தது. பாண்டியனின் பிளானில் குறையே இல்லை. இருக்க வேண்டிய ஆள்தான் இல்லை.

இந்த வாசிப்பு எனக்கு வந்ததற்கு என் வீட்டுக் கதையும் காரணம். மறைக்காமல் சொல்கிறேன். என் அப்பா மூணாறு பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். நாங்கள் வளர்ந்தது லயத்தில். வேலை முடிந்தால் லயத்தைக் காலி செய்ய வேண்டும் என்பது அங்கே எல்லாக் குடும்பத்துக்கும் தெரியும். போடிநாயக்கனூர் பக்கத்தில் மூன்று சென்ட் வாங்கி, 1984இல் ஒரு வீட்டு பிளான் வரைந்து வாங்கிவந்தார். வீடு எழும்பவில்லை. அக்கா கல்யாணத்துக்கு மனை போயிற்று. அப்பாவும் போனார். நீலக்கோடு போட்ட அந்தத் தாள் மட்டும் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

பொங்கல் கூட்டத்துக்குப் பிறகு அதை எடுத்து விரித்தேன். அம்மாவுக்குப் பிளான் படிக்கத் தெரியாது. ஆனால் விரலை வைத்து வாசலிலிருந்து நடந்தாள். ‘‘இது திண்ணை. இங்க உங்கப்பா உக்காருவாரு. இது ரேழி. இங்கதான் ஆட்டுக்கல்லு. இந்த ஜன்னல்ல நின்னா மலை தெரியும்னு சொன்னாரு.’’ விரல் கடைசி அறையில் நின்றுவிட்டது.

தொழில்காரன் பிளானை மேலிருந்து பார்க்கிறான். நக்கீரரும் என் அம்மாவும் வாசலிலிருந்து பார்க்கிறார்கள். எனக்கு முப்பது வருஷத்தில் பிடிபடாதது இதுதான்.

விழாவில் பேசிய அன்பரிடம் நான் வேண்டுவது இவ்வளவே. மலையில் அரண்மனையைத் தேட வேண்டாம். அது கிடைக்காததால் நமக்கு ஒரு குறைவும் இல்லை. நம் பிள்ளைகளுக்கு அந்த 188 அடிகளையும் உரையோடு ஒருமுறை படித்துக் காட்டுவோம். தாத்தா பாட்டி பெட்டியில் இப்படி ஒரு தாள் இருந்தால், அதையும் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு படித்துக் காட்டுவோம்.