அடுத்து என்ன வரும்?

ஐ, எஸ், ஆர், கே, ஜே. அடுத்த எழுத்து எது? சென்னையில் கேட்டால் கொஞ்சம் திணறுவார்கள். மலேசியாவின் பிரிக்பீல்ட்சிலோ கிள்ளானிலோ படிக்கும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு அது எளிது: 'எஸ்'. இஸ்னின், செலாசா, ராபு, காமிஸ், ஜுமாஅத், சப்து என்ற மலாய்க் கிழமைகளின் முதலெழுத்துகள்தான் அவை. தமிழிலும் உண்டு: தி, செ, பு, வி, அடுத்து வெ.

எண் வரிசை எனக்கு இன்னும் அதிகமாகப் பிடிக்கும். 5, 11, 19, 29, 41. இடைவெளிகளைக் கீழே எழுதினால் 6, 8, 10, 12. அடுத்தது 14 என்பதால் விடை 55. 3, 10, 5, 12, 7, 14 என எண்கள் ஏறி இறங்கினால், இரண்டு வரிசைகள் சடைபோலப் பின்னிக் கிடக்கின்றன என்று பொருள். பிரித்துப் பார்த்தால் 9 வரும். குழப்பமாகத் தெரிந்தது சட்டென்று ஒழுங்காகும் அந்த நொடிக்காகவே, தேர்வு எதுவும் இல்லாதபோதும் இவற்றைப் போடலாம்.

1, 2, 4, 8, 16 என்றால் 32தானே? எப்போதும் இல்லை. வட்டத்தின் விளிம்பில் புள்ளிகளை வைத்து, எல்லாவற்றையும் நேர்கோடுகளால் இணைத்து, துண்டுகளை எண்ணினால் இதே வரிசைதான் வரும். ஆறாம் புள்ளியிலோ 31. இன்றே பிள்ளைகளோடு வரைந்து பாருங்கள். புள்ளிகளைச் சம இடைவெளியில் வைக்க வேண்டாம். அப்படி வைத்தால் மூன்று கோடுகள் நடுவில் ஒன்றாகச் சந்தித்து, 30 துண்டுகளே கிடைக்கும்.