மொய் நோட்டும் பொருளியல் வகுப்பும்

ஆடி பிறந்துவிட்டால் புதுக்கோட்டை மாவட்டத்தின் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் வட்டாரத்தில் மொய் விருந்துக் காலம். பக்கத்துப் பேராவூரணியிலும் அப்படித்தான். கல்யாணமோ காதுகுத்தோ இருந்தாக வேண்டும் என்பதில்லை. பந்தல் போட்டு, கிடா வெட்டிச் சோறு போடுகிறார்கள். வந்தவர்கள் சாப்பிட்டு, மொய் எழுதிவிட்டுப் போகிறார்கள். செலவைப் பங்கிட்டுக்கொள்ளப் பல குடும்பங்கள் ஒரே பந்தலில் சேர்ந்து நடத்துவதும் உண்டு. ஒரு குடும்பத்துக்குப் பொதுவாக ஐந்தாண்டுக்கு ஒருமுறை முறை வரும். 2019-இல் வடகாட்டில் ஒரே விருந்தில் நான்கு கோடி ரூபாய் மொய் விழுந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. எத்தனை கிலோ கறி, பணம் எண்ண எத்தனை இயந்திரம் என்பதோடு அந்தச் செய்திகள் பெரும்பாலும் நின்றுவிட்டன. எனக்கோ, அந்தப் பந்தலில் நடப்பது நடத்தைப் பொருளியலின் முதல் பாடமாகப் படுகிறது.

நம் கல்லூரிகளில் இந்தத் துறையை எடுத்தால் பாடம் பெரும்பாலும் கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த காபிக் குவளையில் தொடங்கும். கையில் வந்த பொருளை விட மனசு வராது என்பதை அந்தச் சோதனை அழகாகக் காட்டியது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நம்பிக்கை, கைம்மாறு, சேமிப்பு, வெட்கம் ஆகிய நான்கையும் ஒரே ஏட்டில் எழுதிவைத்திருக்கும் ஊர் ஆலங்குடிக்கு அப்பால் இருக்கும்போது, புதுக்கோட்டைப் பிள்ளைகள் அதைப் படிக்காமல் பட்டம் வாங்குவது நியாயமில்லை.

கணக்கு இப்படி ஓடுகிறது. நீங்கள் என் விருந்தில் ஆயிரம் ரூபாய் எழுதினீர்கள். உங்கள் முறை வரும்போது நான் இரண்டாயிரம் எழுதுகிறேன். அதில் ஆயிரம் பழைய மொய் தீர்ந்த கணக்கு; மீதி ஆயிரம் புது மொய், இனி நீங்கள் எனக்குச் செய்ய வேண்டியது. வாங்கியதை மட்டும் திருப்பிக் கொடுத்தால் உறவுக்கணக்கை முடித்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். பத்திரமில்லை, ஈடு இல்லை, வட்டி இல்லை. இருப்பது ஒரு நோட்டு மட்டும்.

இப்படி நம்பிக் கொடுப்பதைப் பற்றி 1995-இல் பெர்க், டிக்காட், மக்கேப் என்ற பொருளியல் ஆய்வாளர்கள் மூவர் ஒரு சோதனை நடத்தினார்கள். முன்பின் தெரியாத ஒருவருக்குப் பணம் அனுப்பினால் அது மூன்று மடங்காகும். பெற்றவர் விரும்பினால் திருப்பித் தரலாம், தராமலும் இருக்கலாம். சுயநலக் கணக்குப்படி யாரும் ஒரு காசும் அனுப்பக்கூடாது. 32 பேரில் 30 பேர் அனுப்பினார்கள். ஆனால் திரும்பி வந்த தொகை, சராசரியாக, அனுப்பியதைவிடச் சற்றுக் குறைவுதான். முகம் தெரியாத இடத்தில் நம்பிக்கை முளைக்கும், நிலைக்காது. மொய் விருந்தில் அது தலைமுறை கடந்தும் நிலைத்திருக்கக் காரணம், கொடுத்தவர் பெயரும் ஊரும் தொகையும் எழுத்தில் இருப்பது, அதைப் பத்துப் பேர் அறிந்திருப்பது.

மொய்யின் பெரிய பலன் மொத்தமாகக் கைக்கு வரும் பணம். பூ விற்றும் தேங்காய் விற்றும் சிறுகச் சிறுக வரும் காசு வீட்டுச் செலவிலேயே கரைந்துவிடும். ஆழ்துளைக் கிணற்றுக்கோ பிள்ளையின் படிப்புக்கோ சேராது. ஐந்தாண்டு முழுக்க ஊர் ஊராகப் போய் மொய் செய்கிறவர், தன் பணத்தைத் தானே தொட முடியாதபடி நூறு வீடுகளில் போட்டுவைக்கிறார். பிலிப்பைன்ஸில் ஒரு வங்கி இப்படி எடுக்க முடியாமல் பூட்டிவைக்கும் கணக்கை முன்வைத்தபோது, கேட்கப்பட்டவர்களில் 28 சதவீதம் பேர் விரும்பிச் சேர்ந்தார்கள் என்று 2006-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. மன உறுதி தளரும் என்று தெரிந்தே மனிதர்கள் தங்களுக்குத் தாங்களே கட்டுப் போட்டுக்கொள்கிறார்கள். இந்த வட்டாரம் அந்தக் கட்டை விருந்தாக வைத்திருக்கிறது. 2003-இல் கந்துவட்டிக்குத் தடைச் சட்டம் வந்த மாநிலத்தில், வட்டியில்லாத கடன் ஒன்று மக்கள் கையிலேயே இருப்பது சின்ன விஷயமல்ல.

குறைகளும் கனமானவை. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறுவதாக வைத்துக்கொண்டால், இன்று எழுதிய ஆயிரம் ஐந்தாண்டு கழித்து ஆயிரமாகவே திரும்பும்போது அதன் மதிப்பு ஏறக்குறைய 750 ரூபாய்தான். மேலே வரும் தொகை லாபம் போலத் தெரிந்தாலும் அது புதுக் கடன். கறியும் பந்தலும் பிளெக்ஸ் பேனரும் வேறு வரவில் ஒரு பகுதியை விழுங்குகின்றன. பக்கத்து விருந்தை மிஞ்ச வேண்டும் என்ற போட்டி அந்தப் பகுதியைக் கூட்டிக்கொண்டே போகிறது.

அதைவிட மோசம், எல்லோரும் ஒரே நாளில் வீழ்வது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்து இந்த வட்டாரத் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. புதிதாக வைத்த கன்று காய்க்க ஐந்தாறு ஆண்டாகும். மொய்யின் சுற்றும் ஐந்தாண்டு. கொடுக்க வேண்டியவர், வாங்க வேண்டியவர் இருவர் தோப்பும் விழுந்துகிடந்தன. ஒரு வீட்டின் கஷ்டத்தை நூறு வீடு தாங்கலாம். நூறு வீட்டுக்கும் ஒரே நாளில் கஷ்டம் வந்தால் மொய்யால் தாங்க முடியாது. அதற்குப் பயிர்க் காப்பீடும் அரசின் நிவாரணமும்தான் வேண்டும்.

என்னை மிகவும் வருத்துவது நொடித்துப்போனவரின் நிலை. ஆய்வாளர் ஹென்ரிக்கின் குழுவினர் 15 சிறு சமூகங்களில், ஒருவர் பணத்தைப் பங்கிட முன்வர, மற்றவர் அதை ஏற்கவோ மறுக்கவோ செய்யும் பங்கீட்டுச் சோதனை நடத்தினார்கள். பாப்புவா நியூ கினியின் அவு, ஞாவு மக்களிடையே, பாதிக்கு மேல் தருகிறேன் என்றபோதும் சிலர் மறுத்துவிட்டார்கள். கேளாமல் வந்த கொடை பின்னாளில் சுமையாகும் என்பது அவர்கள் பட்டறிந்த வழக்கம். கீரமங்கலத்தில் அப்படி மறுக்க வழியில்லை. பத்திரிகை வைத்துவிட்டால் போகவேண்டும், போனால் எழுதவேண்டும். கையில் இல்லாதவர் நகையை அடகு வைத்தோ வட்டிக்கு வாங்கியோ மொய்யைத் தீர்க்க நேர்ந்தால், வட்டியில்லாக் கடன் என்ற பெருமைக்கு அர்த்தமே இல்லை. பணத்தைத் திரும்பக் கொண்டுவரும் அதே வெட்கம்தான் இங்கே ஏழையைக் கடனுக்குள் தள்ளுகிறது.

ஆகவே, மொய் விருந்து காக்கப்பட வேண்டியது. விருந்தின் ஆடம்பரம் காக்கப்பட வேண்டியதல்ல. நோட்டு இருக்கட்டும். பெயரையும் தொகையையும் ஒலிபெருக்கியில் வாசிக்கும் வழக்கம் இருக்கிற இடங்களில் அது நிற்கட்டும். நோயோ சாவோ புயலோ தாக்கிய வீட்டுக்கு ஒரு சுற்றுத் தவணை என்று ஊர்க்கூட்டத்திலேயே முடிவு செய்யலாம். அப்படித் தள்ளிக் கொடுப்பவரின் மானம் போகாமல் இருக்க, அந்த முடிவை எல்லோருக்கும் பொதுவான விதியாக எழுதிவைக்க வேண்டும்.

புதுக்கோட்டை மாவட்டக் கல்லூரிகளின் பொருளியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். குடும்பங்களின் சம்மதத்தோடு, பெயர்களை நீக்கிவிட்டு, பழைய மொய் நோட்டுகளை மாணவர்களிடம் கொடுங்கள். எது திரும்பியது, எவ்வளவு தாமதமாகத் திரும்பியது, கஜாவுக்கு முன்னும் பின்னும் எப்படி மாறியது என்று அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். அந்த நோட்டுகள் பரணில் செல்லரிப்பதற்குள் இந்த வேலை தொடங்க வேண்டும்.