மருந்தும் விடுதலையும்: ஓர் ஆய்வைக் குறித்த மதிப்பீடு

ஹெராயின் முதலிய அபின்வகைப் போதைப்பொருள்களுக்கு அடிமையானோர்க்கு மெத்தடோன் என்னும் மருந்தை நாள்தோறும் அளித்துவரும் சிகிச்சைமுறையை, நியூயார்க்கைச் சார்ந்த வின்சென்ட் டோல், மேரி நிஸ்வாண்டர் என்னும் மருத்துவர் இருவர் 1965ஆம் ஆண்டு உலகறியச் செய்தனர். மெத்தடோனும் அபின்வகையைச் சார்ந்ததே. ஆதலால், 'இஃது ஓர் அடிமைத்தனத்தை நீக்கி மற்றோர் அடிமைத்தனத்தில் நிறுத்துவதன்றோ?' என்னும் வினா அன்றுதொட்டு எழுந்துவருகிறது. போதகர்களிடையேயும் இவ்வினா எழுவதுண்டு. இதற்கு விடைகாண முற்படுவோர், லூயிஸ் சோர்டோவும் அவர்தம் உடனாய்வாளர்களும் 2017இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வைக் கருத்தூன்றிப் படித்தல் வேண்டும்.

பல நாடுகளில் நடந்த 19 தொடர் ஆய்வுகளை இவர்கள் ஒருங்கே ஆராய்ந்துள்ளனர். மெத்தடோன் பெற்றோர் 1,22,885 பேர். புப்ரநார்ஃபின் என்னும் மருந்தைப் பெற்றோர் 15,831 பேர். மெத்தடோன் சிகிச்சையில் இருந்தோருள் ஆண்டொன்றுக்கு ஆயிரம் பேருக்கு 11.3 பேர் இறந்தனர். சிகிச்சையை விட்டவர்களுள் 36.1 பேர் இறந்தனர். புப்ரநார்ஃபினைப் பொறுத்தவரை இவ்வெண்கள் முறையே 4.3, 9.5 ஆகும். மருந்தை நிறுத்திய முதல் நான்கு வாரங்கள் பேராபத்தானவை. அதற்குள் உடல் தன் தாங்குதிறனை இழந்துவிடுகிறது. மீண்டும் பழைய அளவில் போதைப்பொருளை உட்கொள்வோர்க்கு மூச்சு அடங்கிவிடுகிறது.

இவ்வாய்வுக்குக் குறைபாடுகளும் உண்டு. சிகிச்சையில் நிலைத்திருப்போர், குடும்ப ஆதரவும் மனவுறுதியும் மிக்கவர்களாய் இருத்தல் கூடும்; ஆகவே வேறுபாடு முழுவதையும் மருந்தின் பயனெனக் கொள்ளலாகாது. இரு மருந்துகளையும் பெற்றோர் ஒரே தன்மையர் அல்லர். எனவே இவ்வெண்களைக்கொண்டு ஒன்றினும் மற்றொன்று சிறந்ததென முடிவுகட்டுதலும் பொருந்தாது. மேலும், ஆய்வு எண்ணுவது மரணங்களை மட்டுமே. உயிர்தப்பியோர் தொழிலையும் குடும்பத்தையும் மீண்டும் பெற்றனரா என்பதை இதனால் அறியவியலாது.

எனினும், நம் வினாவைத் திருத்தியமைக்க இவ்வாய்வு போதுமானது. அடிமைத்தனம் என்பது உடல் ஒரு பொருளைச் சார்ந்திருத்தல் மாத்திரமன்று. அப்பொருளுக்காக மனிதன் தன் வாழ்வையும் தன்னைச் சார்ந்தோரையும் இழந்துகொண்டேயிருத்தலாகும். மருத்துவர் கண்காணிப்பில் மருந்துண்டு உழைத்துப் பிழைப்பவனை அந்நிலையில் உள்ளவனாகக் கருதுவது நேர்மையாகாது. மருந்தை எப்பொழுது, எவ்வளவு படிப்படியாகக் குறைப்பது என்பது நோயாளியும் மருத்துவரும் சேர்ந்து முடிவுசெய்யவேண்டிய காரியம். அதனை விசுவாசத்தின் சோதனையாக்கி, 'இன்றே விட்டுவிடு' என்று ஆலோசனை கூறுபவர், அறியாமலே ஒருவரை அந்த நான்கு வாரங்களுக்குள் தள்ளிவிடுகிறார். போதையினின்று விடுதலை பெறவேண்டியவர் முதற்கண் உயிரோடிருத்தல் வேண்டும்.